மிச்சம் நின்ற பிள்ளை

ஒரு காட்டில் ரேஷன் கடை வரிசை அன்று நகரவே இல்லை. முன்னால் நின்ற கழுதை தன் பக்கத்தில் நின்ற ஆமையிடம், "குரூப்புல இல்லாதவளுக்குத் தன் பிள்ளை செத்தானா பொழைச்சானான்னுகூடத் தெரியாது" என்றது. அது யாரைப் பற்றிய பேச்சோ. பின்னால் நின்ற அஞ்சலை என்னும் முள்ளம்பன்றிக்கு அது தன்னைப் பற்றித்தான் என்று பட்டது. அவள் முட்கள் எல்லாம் ஒரு தரம் சிலிர்த்து எழுந்தன. அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

அஞ்சலையின் ஒரே மகன் தணிகை எல்லைப் படையில் சேரப் போயிருந்தான். பக்கத்துக் காட்டுக் குரங்குகள் நம் மாந்தோப்பில் கால் வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் படையின் வேலை. போகும்போது, "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேம்மா" என்றான். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை.

அஞ்சலை கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கழுதையின் முதுகைத் தொட்டாள்.

"எம்மா" என்று துள்ளியது கழுதை. "மெதுவாத் தொடுக்கா. குத்துது."

கழுதையின் பெயர் தனபாக்கியம். அவள் மகனும் அந்தப் படையின் பயிற்சி முகாமில்தான் இருந்தான். அங்கேயே, வரிசையில் நின்றபடியே, அஞ்சலையின் போனை வாங்கி 'வீரச் செல்வங்களின் பெற்றோர்' குழுவில் சேர்த்துவிட்டாள்.

குழுவின் அட்மின் வள்ளியம்மை என்னும் எருமை. சேர்ந்தவுடன் விதிகள் வந்தன. அழுகிற பொம்மை போடக் கூடாது. கும்பிடுகிற கை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். 'என் பிள்ளை ஏன் இன்னும் கூப்பிடவில்லை' என்று யாரும் கேட்கக் கூடாது. கூப்பிட்டால் அழுகிறான் என்று அர்த்தம், கூப்பிடாவிட்டால் வீரனாகிவிட்டான் என்று அர்த்தம். பிள்ளை பாதியில் ஓடி வந்துவிட்டால் பெற்றோர் தாங்களாகவே வெளியேறிவிட வேண்டும்; மற்றவர்களுக்கு ஆசை வந்துவிடும்.

முகாமிலிருந்து அவ்வப்போது ஒரு படம் வரும். அது வந்துவிட்டால் காட்டில் அடுப்பு எரியாது. எல்லாத் தாய் தகப்பன்களும் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, தங்கள் பிள்ளையைக் கண்டுபிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, திரும்பக் குழுவில் போடுவார்கள். "என் தங்கம்" என்று கீழே எழுதுவார்கள். எல்லாரும் கும்பிடுவார்கள். ஆமை மட்டும் மெதுவாகத்தான் படிக்கும். ஒருவர் வீட்டுச் சாவுச் செய்தியைப் போடும் நேரத்தில், அது போன வாரப் படத்துக்கு வந்து "அருமை, வாழ்த்துகள்" என்று போடும்.

அஞ்சலை சேர்ந்த பிறகு வந்த முதல் படத்தில் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். முகாமில் முதல் நாளே கத்தரி போட்டுவிடுவார்கள். கரடிக்கு ரோமம் கிடையாது, குதிரைக்குப் பிடரி கிடையாது, மயிலுக்குத் தோகை கிடையாது. மேலே ஒரே சேற்றைப் பூசி வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். பனங்கிழங்குக் கட்டு போல இருந்தது படம்.

அஞ்சலை தனபாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாரும் மொட்டையா இருக்காங்க."

"ஆரம்பத்துல அப்படித்தான்க்கா இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒருத்தனைப் பிடிச்சுக்கோ. பாக்கப் பாக்க உன் பையன் ஆயிடுவான்."

"யாரைப் பிடிக்கிறது? எல்லாருக்கும் வட்டம் போட்டாச்சே."

தனபாக்கியம் படத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். "பின்வரிசையில, ஓரத்துல ஒருத்தன் நிக்கிறான் பாரு. அவனுக்கு யாரும் போடல. மிச்சம் அவன் ஒருத்தன்தான். அப்ப அவன்தானே உன் பையன்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அஞ்சலை பெரிதாக்கிப் பார்த்தாள். மூக்கு கொஞ்சம் நீண்டிருந்தது. முகாமில் இளைத்தால் மூக்குதான் முதலில் தெரியும். ஒரு காலை முன்னால் வைத்து, எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயாராக இருப்பவன் மாதிரி நின்றான். தணிகையும் அப்படித்தான் நிற்பான். அவள் நகத்தால் வட்டம் போட்டாள். அது வட்டமாக வரவில்லை, அவரைக்காய் மாதிரி வந்தது.

"அப்படியே அம்மா ஜாடை" என்று எழுதினாள் வள்ளியம்மை. குழுவே கும்பிட்டது.

அதன் பிறகு அஞ்சலைக்குச் சோறு இறங்கியது. அவன் கயிறு ஏறுகிற படம் வந்தால் இவள் கை வலிக்கும். பள்ளம் தாண்டுகிற படத்தில் மற்றவர்கள் தாண்டிக்கொண்டிருக்க அவன் பள்ளத்துக்குள் இருந்தால், அன்று முழுக்க இவளுக்கு வேலை ஓடாது. ஓட்டப் பந்தயத்தில் அவன் முதலாவதாக வந்த படத்தைப் பால்காரரிடம் காட்டினாள், ரேஷன் கடைக்காரரிடம் காட்டினாள், விலாசம் கேட்க வந்த ஒரு அணிலிடமும் காட்டினாள். வீட்டில் இருந்தவரைக்கும் தணிகை குடத்தை எடுத்து வைக்கக்கூட ஓடியதில்லை. முகாம் எப்படியெல்லாம் மாற்றிவிடுகிறது என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு நாள் மதியம் அவள் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது வளை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். தணிகை நின்றுகொண்டிருந்தான். ஒரு பக்கம் முள் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் இருந்தது. முன்னைவிடச் சற்றுப் பூசினாற்போலவும் இருந்தான்.

அஞ்சலை முதலில் கேட்டது இதைத்தான்: "அப்ப நேத்து கயிறு ஏறினது யாரு?"

"எந்தக் கயிறும்மா?"

அவன் முதல் நாளே ஓடி வந்துவிட்டான். பாதி முள்ளை வெட்டும்வரை பொறுத்துக்கொண்டிருந்தவன், கத்தரி அடுத்த பக்கம் வந்ததும் நாற்காலியோடு ஓடியிருக்கிறான். ஊருக்கு வந்தால் சிரிப்பார்கள் என்று பயந்து, காட்டோர பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தானாம்.

அஞ்சலை கரண்டியை எடுத்து அவனுக்கு நாலு வைத்தாள். முள் குட்டையான பக்கமாகப் பார்த்து வைத்தாள். பிறகு உட்கார வைத்துச் சோறு போட்டாள். அவன் மூன்றாம் முறை குழம்பு கேட்டபோது போனை அவன் முன்னால் நீட்டினாள்.

"இது யாருடா?"

தணிகை வாயில் சோற்றோடு பார்த்தான். "இதுவா? சொக்கன். கத்தரிக்கு எனக்கு முன்னாடி நின்னான். நரிம்மா அவன்."

"நரியா?"

"ஆமா. அவனுக்கு யாரும் இல்ல. எங்களையெல்லாம் பஸ் ஏத்திவிட வீட்டிலேர்ந்து வந்து அழுதாங்கல்ல, அவன் மட்டும் டிரைவர்கிட்ட டாட்டா காட்டிட்டு ஏறினான்."

அஞ்சலை போனைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவள் தங்கையின் குட்டிகளைத் தூக்கிப் போனது ஒரு நரி. அவள் மாமனார் வாலில்லாமல் அலைந்ததும் ஒரு நரியால்தான். நரி வாடை அடித்தாலே அவளுக்குக் கண் சிவக்கும்.

"இப்படி இளைச்சுட்டானே" என்றாள்.

இனி விதிப்படி நடக்க வேண்டியதுதான். அவள் குழுவைத் திறந்து, 'என் பையன் வந்துவிட்டான், நான் விலகிக்கொள்கிறேன்' என்று எழுதினாள். அனுப்புவதற்குள் முகாமிலிருந்து புதிய படம் வந்தது. பின்வரிசை ஓரத்தில் அவன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். காலில் கட்டு.

வள்ளியம்மை உடனே எழுதினாள்: "அஞ்சலை, பாத்தியா? பதறாதே. எலும்பெல்லாம் ஒண்ணும் ஆகியிருக்காது."

"தைரியமா இரு அக்கா" என்றாள் தனபாக்கியம். அதைத் தொடர்ந்து குழுவே அவளுக்குத் தைரியம் சொன்னது. ஆமைகூட அன்று வேகமாக வந்து, "ஓட்டப் பந்தயத்தில் முதல் இடம், அருமை" என்றது.

தணிகை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "இவ்வளவு பேர் யாருக்கும்மா தைரியம் சொல்றாங்க?"

"எனக்குத்தான்."

"நான்தான் வந்துட்டேன்ல?"

"நீ வந்துட்டே. அவன் அங்கதானே நிக்கிறான்?"

அவள் விலகினால் அந்தப் படத்தில் அவனைத் தேட யாரும் இல்லை. பின்வரிசை ஓரம் பழையபடி வெறும் ஓரமாகிவிடும். அஞ்சலை எழுதியதை அழித்தாள். 'கட்டு எந்தக் காலில் என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்' என்று அனுப்பினாள்.

தணிகைக்கு அது பிடிக்கவில்லை. "அவன் நரிம்மா" என்று காலையில் சொன்னான், சாப்பிடும்போது சொன்னான். "பசிச்சா நம்மளையே தின்னுடுவான்."

"தினம் இந்த வீட்டுக் குழம்புச் சட்டியைத் தின்னுட்டுப் போறவன் நீ. நீ பேசாதே."

பயிற்சி முடிகிற நாள் வந்தது. அன்று பெற்றவர்கள்தான் பிள்ளைக்குத் தொப்பி வைத்துவிட வேண்டும் என்பது முகாமின் வழக்கம். யாரும் வராதவன் அலுவலகத்தில் போய்த் தொப்பியை வாங்கித் தானே வைத்துக்கொள்ளலாம். குழு ஒரு வேன் பிடித்தது. தணிகையை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு அஞ்சலை கடைசி சீட்டில் ஏறினாள். யார்மீதும் முள் படாதபடி ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

மைதானத்தில் பெரிய குழப்பம். ரோமமும் பிடரியும் மறுபடி வளர்ந்திருந்தன. தனபாக்கியம் இத்தனை நாளும் வட்டம் போட்டது ஒரு கரடிக்குட்டிக்கு என்று அங்கேதான் தெரிந்தது. அவள் சொந்த மகன், "என்னை ஒரு தடவைகூடப் பாக்கலையாம்மா?" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்றான். "உன் மேல நம்பிக்கைடா, அதான் பாக்கல" என்று தனபாக்கியம் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

வரிசையின் ஓரத்தில், நன்றாகப் புசுபுசுத்த வாலோடு ஒரு நரி நின்றது. எல்லார் தலையிலும் தொப்பி ஏற ஏற, அது அலுவலகம் இருந்த திசையைப் பார்த்தது.

வள்ளியம்மை அந்த வாலைப் பார்த்தாள். பிறகு அஞ்சலையைப் பார்த்தாள். "அஞ்சலை, இது..."

"வளந்துட்டான்" என்றாள் அஞ்சலை.

பெற்றோருக்குக் கொடுத்த தொப்பியைக் கையில் எடுத்து, முட்களை உடம்போடு ஒட்ட அழுத்திக்கொண்டு மைதானத்தைக் கடந்து நடந்தாள். அருகே போனதும் அந்த வாடை அடித்தது. அவள் நிற்கவில்லை.

"நீங்க யாரும்மா?" என்றது நரி.

"குனி. எட்டல."

"நான் நரிங்க. நீங்க ஆள் மாறி வந்துட்டீங்க."

"நரின்னு தெரியும். கால் எப்படி இருக்கு?"

நரி குனிந்தது. அஞ்சலை தொப்பியை வைத்து, ஒரு காது மடங்கியிருந்ததை வெளியே எடுத்துவிட்டாள். பிறகு சற்றுத் தள்ளிப் போய் நின்று போனில் ஒரு படம் எடுத்தாள். படத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான். அவனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் குழுவுக்கு அனுப்பினாள்.

நீதி: முகாமிலிருந்து வரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள், குடும்பம் பெரிதாகிவிடும்.