நான் மட்டும்தான் இங்கே ஃப்ரீ

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம்தான் என்றும், சித்தப்பாவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்றும் நானாகவே நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சேர்த்துவிட்ட தையல்கடையில் முதல் நாளே நான் கவனித்தது ஒன்றுதான். மூலை மெஷினின் முக்காலி எப்போது தொட்டாலும் சூடாக இருந்தது. "மெஷின் ஃப்ரீயா இருக்கிறப்ப உட்கார்ந்து பழகிக்கோ" என்று முதலாளியம்மா சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. அது ஃப்ரீயாகவே இல்லை, ஃப்ரீயாக இருப்பது நான்தான். "ஃப்ரீயாத்தானே நிக்கிற, இந்தத் தையலைப் பிரி" என்பார் காஜா எடுக்கும் அக்கா. பிரித்து முடிப்பதற்குள், "ஃப்ரீயா இருந்தா துண்டுத்துணியைக் கூட்டிடும்மா" என்பார் துணி வெட்டும் அண்ணன். நேற்று அளவு கொடுக்க வந்த பெரியவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஐயா, வயித்தை ஃப்ரீயா விடுங்க" என்று அண்ணன் சொல்ல, அவரும் விட்டார், டேப் போதவில்லை, இன்னொரு டேப் தேடி ஓடியதும் நான்தான். அவருக்குக் கை ஃப்ரீயாக இருக்க வேண்டும், கழுத்து ஃப்ரீயாக இருக்க வேண்டும், பொத்தானை ஃப்ரீயாகவே தர வேண்டும். நான் வாய் திறக்காமல் நின்றால், "யாரும் உன்னைக் கடிச்சிட மாட்டாங்க, ஃப்ரீயா பேசு" என்கிறார்கள். பேசலாமென்று தொண்டையைச் செருமினால், "பேச நேரமிருக்கா, அப்ப இந்தச் சட்டையெல்லாம் மடி" என்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷில் முழுதாகத் தெரிந்தது இந்த ஒரு வார்த்தைதான். இதுவே இந்தப் பாடு படுத்தினால், மிச்சமும் தெரிந்தவர்கள் எப்படித்தான் பிழைக்கிறார்களோ.

மாதக் கடைசிக்குள் ஒரு சட்டையை முழுதாகத் தைத்துக் காட்டாவிட்டால் மெஷினுக்கு வேறு ஆள் வருமாம், எனக்கு மடிப்பு மேசைதானாம். இன்னும் நான்கு நாள் இருக்கிறது. எனக்குக் கேட்க வாய் வரவில்லை சித்தி. நீங்கள் நேரில் வந்து முதலாளியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், குட்டித் தங்கையின் கன்னத்துக்கு ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
உங்களைப் பாதி நாள் நன்றியோடும் பாதி நாள் கோபத்தோடும் நினைக்கும் மகள்

பி.கு.: வர வேண்டாம் சித்தி. இப்போதுதான் தலை நிமிர்ந்தேன், மெஷினில் யாருமே இல்லை. நான் முழித்ததைப் பார்த்து அக்கா சொன்னார்: "அது ஒரு மணி நேரமா சும்மாதான் கிடக்கு. தினம் மத்தியானம் அப்படித்தான், நீ அப்ப கூட்டிட்டிருப்ப. இன்னிக்கு என்னவோ மும்முரமா எழுதிட்டிருந்த, சரி வேலையா இருக்கியேன்னு கூப்பிடலை." இந்த வரியை மெஷின் பலகைமேல் வைத்து எழுதுகிறேன். ஃப்ரீயா என்று அண்ணன் கேட்கிறார். நான் ஊசியில் நூலைக் கோத்துவிட்டேன்.