ஓடைப்பட்டியில் நான் கண்ட பறக்கும் தட்டு

வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. மழை வருமா என்று பார்ப்பவர்கள், வேறு ஏதாவது வருமா என்று பார்ப்பவர்கள். ஓடைப்பட்டி முழுக்க முதல் வகை. இரண்டாவது வகையில் ஊருக்கே ஒருத்திதான், அது நான். தேனி கடைவீதியில் பாத்திரக்கடைக்காரர் மகளாகப் பிறந்து, பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். (எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். பாஸ், அவ்வளவுதான்.)

பறக்கும் தட்டு விஷயத்தை அரசாங்கம் அக்கறையோடு எடுத்துக்கொள்ள வேண்டும், பணம் ஒதுக்கி ஆராய வேண்டும் என்பது என் கட்சி. அன்றும் அதே கட்சி, இன்றும் அதே கட்சி. நடுவில் மானம் போனது தனிக் கதை.

கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனேன். எங்கள் தோட்டத்துப் பக்கம், மலையை ஒட்டி, வெள்ளி நிறத்தில் ஒரு வட்டத் தட்டு அந்தரத்தில் நின்றது. இறக்கை இல்லை, சத்தம் இல்லை. காற்றுக்கு லேசாக ஆடியது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் பிடிக்க, அது மெல்லக் கீழே இறங்கித் திராட்சைப் பந்தலுக்குள் மறைந்துவிட்டது. வீடியோ கொஞ்சம் மங்கலாகத்தான் விழுந்திருந்தது.

என் வீட்டுக்காரர் கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார். தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவே நேரமிருக்காது. வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொன்னேன். வீடியோவைக்கூடப் பார்க்கவில்லை மனுஷன்.

"ஏ புள்ள, பகல்ல நல்லாத் தூங்கி எந்திரிச்சியாக்கும்?" என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் அந்தச் சிரிப்புதான் காரணம். இனி இந்த வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சு விடுவதில்லை, சொன்னால் கலெக்டரிடம்தான் சொல்வது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

வாய்ப்பும் தேடி வந்தது. தோட்டங்களுக்குப் போகிற ஓடைப் பாலத்தை மழை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அக்கரையில் பழம் பழுத்து நிற்கிறது, லாரி போக வழியில்லை. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து அழுத்திப் பேச ஆள் வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"ஒங்க மருமக படிச்சவக. நமக்கு மைக்கக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கிருது. அவக பேசட்டும்."

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் மருமக பேசுனா கலெக்டரே மம்பட்டியத் தூக்கிட்டு வந்துருவாக!" என்றார்.

தேனி கலெக்டர் அலுவலகம். கூட்டம் நிறைந்து வழிந்தது. என் திட்டம் தெளிவானது: முதலில் பாலம், கடைசியில் தட்டு. ஆனால் எனக்கு முன்னால் பேசிய தேவதானப்பட்டிக்காரரைப் பாதியிலேயே நிறுத்தி மைக்கை வாங்கிவிட்டார்கள். உடனே என் இயற்பியல் மூளை வேலை செய்தது. பாலத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம், தட்டைப் பற்றி நான் ஒருத்திதான் பேச முடியும், ஆகவே முதலில் தட்டு. (இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் இன்றும் குடும்பம் நடத்துகிறேன்.)

"ஐயா, எங்க தோட்டத்துக்கு மேல அடையாளம் தெரியாத பொருள் ஒண்ணு பறந்துச்சு. ஆதாரம் இருக்கு. அரசாங்கம் குழு அமைச்சு, நிதி ஒதுக்கி இத ஆராயணும்!"

எங்கள் ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தார்கள். கலெக்டர் சிரிக்கவில்லை. அந்த மனிதரை இன்றும் நான் மதிப்பது அதற்காகத்தான்.

"அந்த வீடியோவைக் காட்டுங்கம்மா" என்றார்.

ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் செல்போனுமாக முன்னால் போனேன். கூட்டத்துக்குத் துணையாக வந்திருந்த மாமியாரும் பின்னாலேயே வந்தார். வீடியோவை ஓடவிட்டேன். மாமியார் அதை முதல்முறையாக அப்போதுதான் பார்க்கிறார்.

"அடி ஆத்தா, இது நம்ம பலூனுல்ல!"

மைக் அணைக்கப்படவில்லை. அரங்கம் முழுக்கக் கேட்டது. அதோடு விட்டாரா? கலெக்டருக்கு விளக்கம் வேறு கொடுத்தார்.

"சின்னமனூரு கல்யாணத்துல கேஸ் அடச்சு மேடையில கட்டியிருந்தாகய்யா. தூக்கிப் போடப் போனாக, நாந்தான் கேட்டு வாங்கியாந்தேன். கிளி வந்து பழத்தக் கொத்துதுல்ல, அதுக்குத்தான் மீன் புடிக்கிற தூண்டி நரம்புல கோத்து அங்கன பந்தக் கல்லுக்கால்ல கட்டி விட்டேன். பொழுது சாய எறக்கிப் பந்தலுக்குள்ள கட்டிப்புடுவேன். வெளிய விட்டா எவனாச்சும் களவாண்டுட்டுப் போயிருவான்ல!"

திராட்சைக்காரர்கள் பறவையை விரட்டப் பளபளவென்று எதையாவது கட்டித் தொங்கவிடுவார்கள். பழைய சி.டி., கேசட் நாடா, எதுவும் ஆகும். ஓடைப்பட்டியில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். பாத்திரக்கடைக்காரர் மகளுக்குத் தெரியாது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தோட்டக்கலை அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, பாலம்..." என்று ஆரம்பித்தேன். மைக் அதற்குள் ஒரு வாழைக்காரர் கைக்குப் போயிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஊர்க்காரர்கள் எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மாமியார் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி, "பழம் நிக்கிதே ஆத்தா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அந்த அறுவடைக்குப் பழப்பெட்டிகளைத் தலையில் சுமந்து, முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்தோம். எல்லாருக்கும் முன்னால் நான் தூக்கினேன். சேதமானது போக மிச்சம்தான் லாரி ஏறியது. அப்போதே தீர்மானித்தேன், பாலம் வராமல் நான் ஓய்வதில்லை என்று.

பெட்டி சுமந்த நேரத்தில் யோசிக்கவும் செய்தேன். நடந்ததெல்லாம் என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது! சிரிக்காமல் கேட்க அரசாங்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால், வந்து விசாரித்து, ‘பலூன்’ என்று அன்றே எழுதி முடித்திருப்பார். நானும் கூட்டத்தில் பாலத்தைப் பற்றிப் பேசியிருப்பேன். விமானம் ஓட்டுகிறவர் கண்ணில் ஏதாவது பட்டாலும், என் வீட்டுக்காரரைப் போல் மேலதிகாரி சிரித்தால், அவரும் வாயை மூடிக்கொள்வார். அவர் கண்டது பலூனா, பக்கத்து நாட்டு விமானமா, வேறு ஏதாவதா, யாருக்குத் தெரியும்? பலூனையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் நிற்பதைப் பார்க்கத்தான் ஆராய்ச்சி. அதற்குப் பணம் ஒதுக்கினால் என்ன கெட்டுவிடும்?

அடுத்த கூட்டத்துக்கு மறுபடி போனேன். ஊரே வேண்டாம் என்றது. போனேன். மற்றவர்களிடம் பேர், ஊர் எல்லாம் கேட்ட கலெக்டர், என்னைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பறக்கும் தட்டு அம்மாதானே? இன்னைக்கு என்ன?"

"பாலம்யா" என்றேன். முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை ஒருத்தரும் மைக்கை வாங்கவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் போனேன், அதற்கடுத்ததற்கும் போனேன். பொறியாளர் வந்து அளந்தார். அடுத்த அறுவடைக்குப் புதுப் பாலத்தின் மேல் லாரி போனது.

அரசாங்கம் அந்தப் பாலத்துக்கு வைத்த பேர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஜனங்கள் வைத்த பேர் பறக்கும் தட்டுப் பாலம். கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பேரில்தான் வழி போடுகிறார்கள், லாரிக்காரர்கள் போனில் அதைத்தான் கேட்கிறார்கள். இப்போது அந்த வழியாக அரசுப் பேருந்து வேறு ஓடுகிறது. "பறக்கும் தட்டு எறங்குறவகல்லாம் முன்னால வாங்க!" என்று கண்டக்டர் சத்தம் போடும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

மாமியார் சிரிக்கமாட்டார். எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யார் இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்:

"பாத்தது எம் மருமக. பறக்கவிட்டது நானு."