ருக்மணியக்காவை அழ வைத்த கேமரா

நம்மிடம் ஒரு நல்ல கேமரா இருக்கிறது என்பதை வேலை பார்க்கும் இடத்தில் மூச்சுவிடக் கூடாது. கல்யாண வீட்டில் பாடத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதைப் போன்ற ஆபத்து அது. நான் சொல்லிவிட்டேன். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை.

அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். அதாவது, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் முதலாளிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குச் சம்பளம் பெறுபவன். ஒரு நாள் பெரிய பையரிடமிருந்து மெயில் வந்தது. துணி தைப்பவர்களின் முகங்களைத் தங்கள் கடைகளில் மாட்டப்போகிறார்களாம். ஒவ்வொரு படமும் அந்த ஆளின் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டுமாம்.

முதலாளி கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, நீங்க கேமரா வெச்சிருக்கீங்களாமா? அப்பறம் வெளியாளு எதுக்குங்க? நீங்களே எடுத்துப் போடுங்க."

நான் அப்போதுதான் இணையத்தில் போர்ட்ரெய்ட் வகுப்பு ஒன்றை முடித்திருந்தேன். (முக்கால்வாசி. கடைசிப் பாடங்களில் தூங்கிவிட்டேன்.) அதிலிருந்து எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: சிரிக்கிற முகத்துக்குக் கதை கிடையாது.

முதல் ஆள் செக்கிங் பிரிவு ருக்மணியக்கா. தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை பார்ப்பவர். படம் எடுக்கிறார்கள் என்றதும் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கவரிங் நெக்லஸ் சகிதம் வந்து நின்றார். என் கலை மனம் பதறியது. பூவை எடுக்கச் சொன்னேன். பட்டுச்சேலைக்கு மேல் கம்பெனி கோட்டை மாட்ட வைத்து ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன்.

"சிரிச்சாப்ல எடுங்க தம்பி. பல்லு நல்லாத்தான் இருக்குதுங்க."

"வேண்டாங்க்கா. ஏதாவது ஒரு கஷ்டத்த நெனச்சுக்குங்க."

"எந்தக் கஷ்டத்தைங்க? நீங்களே ஒண்ணு சொல்லுங்க, நெறைய இருக்குது."

"மொதல்ல எது ஞாபகத்துக்கு வருதோ அது."

அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். "என்ற அண்ணன் எங்கூடப் பேசறதில்லீங்க. எம்புள்ள சடங்குக்குக்கூட தாய்மாமன் சீரு வரலீங்க தம்பி" என்றவர் அப்படியே உடைந்து அழுதார்.

வரிசையில் நின்ற பெண்களுக்கும் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள் போலிருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவராக மொத்தப் பிரிவும் அழ ஆரம்பித்தது. ஆறுதல் சொல்ல வேண்டிய நான், "கண்ணத் தொடைக்காதீங்க, வெளிச்சம் பிரமாதமா இருக்குது" என்றேன். (சொன்னேன்தான். மறுக்க வழியில்லை, அத்தனை பேரும் சாட்சி.)

அன்றே படங்களை அனுப்பிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன். வந்ததோ ஆடிட். பையரின் ஆட்கள் இருவர் காரில் வந்து இறங்கி, கப்பலேற வேண்டிய சரக்கை நிறுத்தச் சொன்னார்கள். "உங்கள் தொழிலாளர்கள் ஏன் அழுகிறார்கள்?" என்று கேட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கேமரா பையைப் பார்த்தேன்.

பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, இங்கே யாராவது மிரட்டுகிறார்களா, கொடுமைப்படுத்துகிறார்களா என்று விசாரித்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் உண்மையைச் சொன்னார்கள்.

"வேற ஆரும் இல்லீங்க. கேமராக்காரத் தம்பிதாங்க அழுவோணும்னு சொன்னாரு."

முதலாளி திட்டவில்லை. எங்கள் பக்கத்தில் கோபம் உச்சிக்குப் போனால் மரியாதையும் கூடவே ஏறும். தம்பியாக இருந்தவன் சாராகிவிட்டேன். "சாருங்க, சித்த அந்தக் கேமராவ ஊட்டுல வெச்சுட்டு வந்தர்றீங்களாங்க?" என்றார். அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம்.

என் வேலையும் சரக்கும் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நல்லவேளை, ஆடிட்டர்களுக்கு விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டார்கள். சரக்கு கிளம்பியது. ஹெச்.ஆர். பெண் செல்போனில் எடுத்த பல் தெரியும் படங்கள்தான் இப்போது அந்தக் கடைகளில் தொங்குகின்றன.

நான் செக்கிங் பக்கம் தலைகாட்டாமல் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேன்டீனில் ருக்மணியக்கா மடக்கிவிட்டார்.

"தம்பி, அந்த அழுவாச்சிப் போட்டோவ என்ற போனுக்குத் தாட்டி உடுங்க."

மறுபேச்சில்லாமல் அனுப்பினேன். அவர் ஒரு வார்த்தைகூட எழுதாமல் அதை அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மங்கலத்திலிருந்து அண்ணன் பழப்பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டாராம். "உன்னைய அழ வெச்சது ஆரு புள்ள?" என்றுதான் முதல் கேள்வி. அக்கா வெள்ளந்தியாக என் பெயரைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் கம்பெனி கேட்டில் முறுக்கு மீசை ஒன்று என்னைத் தேடுவதாகச் செக்யூரிட்டி சொன்னபோது, எனக்குக் காய்ச்சல் அடித்தது. போய் நின்றேன். அக்காவின் அண்ணன்தான். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அதோடு முடிந்ததென்று நினைத்தேன். இப்போதெல்லாம் யார் வீட்டில் சண்டை வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நேராக என் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். கொழுந்தனாருக்கு ஒன்று, கோபித்துக்கொண்டு போன மகனுக்கு ஒன்று. பிழியப் பிழிய அழுதுவிட்டு, "நல்லா வந்திருக்குதுங்களா?" என்று எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது.

போன வாரம் ஓய்ந்துபோய்ப் படுத்திருந்தேன். தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்ன மனைவியிடம், முடியாது என்றேன். அவள் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேமராவ எடுங்க. எங்கண்ணனுக்கு ஒண்ணு அனுப்போணும்."

நான் பைக் சாவியை எடுத்தேன்.