புல்டோசர் வருவதற்குள் மாமாவுக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாரும் நலமாக இல்லை. நீங்கள் நலமா? நீர்நாய் வீடியோ அதிகம் அனுப்புகிறேன் என்று போனில் என்னை பிளாக் செய்துவிட்டதால் மெயிலில் எழுதுகிறேன்.

மாமா, உங்க வனத்துறை ஆபீஸ்ல வட்டாரம் முழுக்க எங்கெல்லாம் கை வைக்கக்கூடாதுன்னு பச்சை அடிச்சு பாதுகாப்பு வரைபடம் போட்டீங்களே, அதுல ஓடைக்கரையோட சேர்த்து நம்ம வயலும் பாதி பச்சையாயிடுச்சு. மத்தவங்களுக்கு அது கலர், அப்பாவுக்கு அது பேய். "பச்சை அடிச்சுட்டான் உன் தம்பி. இனி களை பிடுங்கணும்னாலும் அவன் முன்னாடி கை கட்டி நிக்கணும்"னு அம்மாகிட்ட கத்துறார். அம்மா, "அவன் ஸ்கூல்லயே கோட்டுக்கு வெளியிலதான் கலர் அடிப்பான், விடுங்க"ங்கறாங்க. அப்பா விடல. பக்கத்து வயல்காரர் வேற வந்து, "ஆபீஸ்காரங்க கணக்கெடுக்க வர்றதுக்குள்ள புதரை அழிச்சிடுங்க. புதரே இல்லைன்னா எதைக் காப்பாத்துவாங்க?"ன்னு ஓதிட்டுப் போயிட்டார். அவர் கரை ஏற்கெனவே மொட்டை. நாளைக்குக் காலையில நம்ம கரைக்கு புல்டோசர் வருது மாமா! அந்தப் புதருக்குள்ளதான் தாய் நீர்நாய் குட்டி போட்டிருக்கு, இன்னும் கண்ணுகூட சரியா திறக்கல, பதற்றத்துல டைப் பண்றதெல்லாம் தப்புத் தப்பா வருது. குறுக்கே போய்ப் படுத்துடுவேன்னு சொன்னேன். "படு, அப்படியாவது வயல் பக்கம் வா"ங்கறார் அப்பா. அவர் மேல கோபப்படவும் முடியல மாமா. நிலம் போயிடுமோன்னு தட்டு முன்னாடி உட்கார்ந்து ஒரு வாய்கூட சாப்பிடல. கரையோரப் புதரை மட்டும் விட்டா போதும், மீதி வயல் உங்க இஷ்டம்னு நீங்களே வந்து அப்பாகிட்ட சொல்லுங்க. பஸ் கிடைக்கலைன்னா லாரி பிடிச்சாவது வாங்க!

அத்தைக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். அனைவரும் நீடூழி வாழ்க, நீர்நாய்கள் உட்பட.

இப்படிக்கு,
பதறும் மருமகன்

பி.கு.: நேத்து ராத்திரி நெட் போயிடுச்சு, இப்பதான் அனுப்ப முடியுது. மாமா, வராதீங்க! புல்டோசர் புதரைத் தொடுறதுக்கு முன்னாடியே ஓடைச் சேத்துல புதைஞ்சிடுச்சு. டிரைவர் ஆள் கூட்டிட்டு வர்றதுக்குள்ள, மிரண்டுபோன தாய் நீர்நாய் குட்டிங்களை ஒவ்வொண்ணா கவ்விட்டு வந்து வண்டிக்கு அடியிலயே வச்சிடுச்சு. அப்பா குனிஞ்சு பார்த்தார். அவ்வளவுதான். இப்ப யாரையும் கிட்ட விடமாட்டேங்கறார், என்னையும்தான். டிரைவர் அழாத குறையா, "அய்யா, என் வண்டியை எப்பங்க எடுக்கறது?"ங்கறார்.

"கத்தாதய்யா"ங்கறார் அப்பா. "குட்டிங்க முதல்ல நீச்சல் கத்துக்கட்டும்."