மிஸ்ஸிக்கு வைத்த கேசரி

சிறுநீர் ஊற்றிய சோதனைக் குழாயில் மாத்திரையைப் போட்டதும் செங்கல் நிறம் பொங்கியது. நீலம் என்றால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறம் என்றால் எக்கச்சக்கம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் உர்சுலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பூவம்மாக்கா, உண்மையைச் சொல்லுங்க. இனிப்பு தின்னீங்களா?"

"ஆசைப்பட்டு ஒரு துளி தின்னலை மிஸ்ஸி. மாரியம்மா சத்தியம்!"

அது எழுபத்தொன்பதாம் வருடம். ஜாலான் புசார் சாலையில் ஒரு கடைவீட்டு மாடி, கீழே இரும்புக் கடை. அந்தக் காலத்தில் படியேறும் சத்தம் கேட்டாலே மேலிருந்து "வாங்க, வாங்க" என்று குரல் வந்துவிடும். இன்று நினைத்தாலும் மனம் இளகுகிறது.

பூவம்மாவுக்குக் கால்விரலில் புண். அதுவும் மெட்டி போட்ட விரல். சர்க்கரை இறங்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"விரல் போனா மெட்டியை எங்க போடுறது?" என்று அழுதாள் பூவம்மா. அந்த அழுகை உர்சுலாவைத் தூங்கவிடவில்லை.

முன்பெல்லாம் உர்சுலா நோயாளி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். போன மாதம்தான் கிளினிக்கில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. எந்த இனத்தார் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று மிஸ் லோ பாடம் எடுத்தார்.

"இந்தியர் வீட்டில் கொடுப்பதை மறுக்காதீர்கள். மறுத்தால் உங்கள் வைத்தியத்தையும் மறுத்துவிடுவார்கள். சரிதானே உர்சுலா?"

வகுப்பில் இருந்த ஒரே தமிழச்சி, தன் வீட்டு வழக்கமும் அதுதான் என்ற பெருமையில் பலமாகத் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து பூவம்மா வீட்டில் தேத்தண்ணியும் கேசரியும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். பூவம்மாவுக்கு முகமெல்லாம் பல். ஆனால் பச்சை வரை இறங்கியிருந்த சோதனை, ஆரஞ்சுக்கு ஏறியது.

"இது சரிப்படாது. இனி வாரம் ரெண்டு தடவை வர்றேன்" என்றாள் உர்சுலா.

ரெண்டு தடவையும் வந்தாள். கேசரியோடு அதிரசமும் வந்தது. ஆரஞ்சு இன்னும் சிவந்தது.

தன் பேச்சு எடுபடவில்லை போலும் என்று, ஆண் நர்ஸ் ஆம்ப்ரோஸையும் கூட்டி வந்தாள். ரெண்டு பேர் வருகிறார்கள் என்றதும் ஒரு தட்டு நிறைய பால்கோவா. ஆம்ப்ரோஸ் புத்திமதியை மறந்து தட்டைப் பார்த்தான்.

"மறுக்கக்கூடாதுன்னு மிஸ் லோ சொன்னாங்கள்ல?" என்று குசுகுசுத்தான்.

எவ்வளவுதான் தின்ன முடியும்? பாதிக்கு மேல் மிச்சம் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்த முறைதான் இந்தச் செங்கல் நிறம்.

நாளை பூவம்மா டாக்டரிடம் போக வேண்டும். உர்சுலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கேசரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"அடுப்படியில சீனி டப்பா எங்கக்கா? நான் எடுத்துட்டுப் போறேன். அது இருந்தாத்தானே உங்களுக்குக் கை நீளுது!"

பூவம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாளும் மூலையில் பேப்பரே கதி என்று கிடந்த அவள் புருஷன் மாணிக்கம், முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"டாக்டர் சொன்ன அன்னிக்கே இந்த வீட்டுல சீனியை நிறுத்தியாச்சு மிஸ்ஸி. நீங்க மிச்சம் வைக்கிறதைக் கொட்ட மனசு வராமதான் இவ தின்னு தீர்க்கிறா. சீனி வாங்குறதே நீங்க வர்றதாலதான் லா!"