கண்மாய்க்குள் நாற்பத்தொரு பன்றி

திரையில் ‘காட்டுப்பன்றி: 23’ என்று வந்ததும் தஹ்மீனா கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். வனத்துறை அவளை ஒப்பந்தத்தில் எடுத்ததே வெம்பக்கோட்டைப் பக்கம் மான் எண்ணத்தான். ட்ரோன் படம் எடுக்கும். அவள் பழக்கி வைத்த கணினி, என்ன விலங்கு, எத்தனை என்று சொல்லும். ஒரு வாரமாக மான் ஒன்றுகூட இல்லை.

“சார், சந்தேகமா இருக்கு. கொஞ்சம் தாழப் பறக்க விடட்டுமா?”

“வேணாம்மா, வெரண்டு ஓடிரும்,” என்றார் ரேஞ்சர் இசக்கிப்பாண்டி. நானூறு அடி உயரத்துப் படத்தில், வற்றிய கண்மாய்க்குள் கருத்த முதுகுகள் வரிசையாகக் குனிந்திருந்தன. “பாருங்க, மண்ணைத் தோண்டுது. பன்னியேதான். இந்தப் படத்தையும் அதுக்குச் சொல்லிக்குடுங்க.”

சொல்லிக்கொடுத்தாள். கணினி கப்பென்று பிடித்துக்கொண்டது. மறுநாள் முப்பத்திரண்டு. அதற்கடுத்த நாள் நாற்பத்தொன்று.

மக்காச்சோளம் போட்டவர்கள் காதுக்குச் செய்தி போனது. மனு மேலே போனது. மேலேயிருந்து ஃபோன் வந்தது: வியாழக்கிழமை காலை சுடுவதற்கு ஆள் வருகிறது.

தஹ்மீனாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினொரு மணியானால் எல்லாப் பன்றிகளும் வேலிக்கருவை மர நிழலில் வட்டமாக உட்கார்ந்தன. கால் மணி நேரத்தில் ஒன்றாக எழுந்தன.

“சார், பன்னி டீ குடிக்குமா?”

“என்னம்மா பேசுறீக?”

“துப்பாக்கி வர்றதுக்கு முன்னாடி ஒருவாட்டி நடந்துபோய்ப் பாத்துருவோம் சார்.”

புதன்கிழமை காலை இருவரும் முள்ளுக்குள் குனிந்து போனார்கள். கரையேறி எட்டிப் பார்த்த ரேஞ்சர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே நாற்பத்தொரு பெண்கள். சேலைக்கு மேல் அழுக்கேறிக் கருத்த ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. நூறு நாள் வேலையில் கண்மாய் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள்.

ரேஞ்சர் உடனே ஃபோனை எடுத்து, “சார், பன்னி இல்ல சார்... ஆமா சார், ஒண்ணுகூட இல்ல,” என்று குழறினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “அந்த மிஷினைப் பொட்டியில போட்டுப் பூட்டுங்கம்மா. இனி பறக்கவே கூடாது,” என்றார்.

அதைக் கேட்டு, வேலையை மேற்பார்க்கும் முருகம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அய்யா, மேல பறக்குறது நீங்க விட்டதுதானா?”

“மன்னிச்சிருங்க தாயி. நாளையிலேருந்து வராது.”

“ஐயையோ, நிறுத்திராதீக! மேலயிருந்து ஆள் எண்ணுறாகன்னு பயந்துதான், பேரை மட்டும் குடுத்துட்டு வீட்டுல கெடந்தவக அம்புட்டுப் பேரும் வேலைக்கு வந்திருக்காக!”