கண்ணீர் வருகிற ஜன்னல்

குலசேகரம்,
1936 அக்டோபர்.

கனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்கள் சமுகத்துக்கு,

முன்பின் அறியாத ஒரு பெண் தங்களுக்குக் கடிதம் எழுதத் துணிந்ததை முதலில் மன்னிக்க வேண்டும். தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சுக்கூடத்தாரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருமல் ஒன்றைத் தவிர மற்றபடி சுகம். தாங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. குலசேகரம் இஸ்ரவேல் வீட்டு மாலை ஜெபத்தில் ஜனங்கள் தாரை தாரையாகக் கண்ணீர் விடுவதாக எங்கள் சபை உபதேசியார் மூலம் கேள்விப்பட்டதாகவும், அந்த எழுப்புதலைப் பற்றி பி.ஏ. பாஸான மகளைக் கொண்டு ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் கிறிஸ்மஸ் இதழில் போடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்பா அதைக் கடைக்கு எடுத்துப்போய், கயிறு வாங்க வந்தவர், மண்ணெண்ணெய் வாங்க வந்தவர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டார். அந்த ஒரு பக்கத்தை எழுதத்தான் நானும் உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். ஒரு பக்கத்தில் அடக்கினால் பொய்யாகிறது, உண்மையை எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்க மாட்டேன் என்கிறது. ஆகையால் நடந்ததை நடந்தபடியே தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு மலைப்பக்கம் அடுத்த வீடு சுந்தரராஜ் அண்ணனுடையது. நடுவில் இடுப்பளவு மண்சுவர்தான். அவருக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, ஓர் அறைக்குள் துணி காயப்போடுவதுபோல் தொங்கவிட்டு, கீழே தீ போட்டுப் புகைய விடுவார்கள். அந்த அறைக்கு இங்கே புகைப்புரை என்று பெயர். முன்பெல்லாம் அவர் ஷீட்டைத் தலைச்சுமையாக எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய்ப் புகைபோட்டு வருவார். இந்த வருஷம் விலை கொஞ்சம் ஏறியதும் சொந்தமாகவே ஒரு புகைப்புரை கட்டினார். கட்டினதைப் பற்றி எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதன் வாசலை எங்கள் கூடத்து ஜன்னலுக்கு நேராக வைத்ததுதான் வருத்தம். சாயங்காலமானால் மலையிலிருந்து காற்று கீழே இறங்கும். இறங்குகிற வழியில் சுந்தரராஜ் அண்ணனுடைய புகைப்புரைக்குள் நுழைந்து, எங்கள் ஜன்னல் வழியாகக் கூடத்துக்கு வந்து, ஓட்டு இடுக்குகளில் தங்கிவிடும். மோரில் ரப்பர் மணத்தது. வெளுத்த சேலை பழுப்பானது. கூடத்துப் பல்லிகள் குடும்பத்தோடு சமையலறைச் சுவருக்குக் குடிபோயின. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அந்த மணத்தால் எங்கள் பெஞ்சில் எங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. அம்மாவுக்குச் சிறு வயது முதலே இழுப்பு உண்டு. முன்பு மழைக்காலத்தில் எப்போதாவது வரும். இப்போது விளக்கு வைக்கும் நேரம் தவறாமல் வந்தது.

அப்பா கேட்கப் போனார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி எடுக்கிற பாவனையில் நின்றேன்.

"சுந்தரராஜே, உனக்க பெரயில நீ தீ போடுத, எனக்க வீட்டில நாங்க வேகுதோம். இது கொள்ளாமாடே?"

"புகைக்கு நானா அண்ணேன் வழி சொல்லிக் குடுக்கேன்? அது காத்துக்க காரியம். போய்க் காத்துகிட்ட கேளும்."

"நான் கேக்க வேண்டிய இடத்தில கேட்டுக்கிடுதேன். உனக்காக ஜெபம் பண்ணுவேன், கேட்டியாலே!"

கச்சேரியில் பிராது கொடுப்பேன் என்று சொல்லியிருந்தால்கூட அத்தனை கடுமையாகத் தொனித்திருக்காது.

சொன்னபடியே மறுநாள் மாலைக் குடும்ப ஜெபத்தில் அப்பா சுந்தரராஜ் அண்ணனுடைய குற்றங்களை ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் ஜெபமும் அவர் தீ மூட்டுவதும் ஒரே நேரம். ஆனால் அன்றைய புகை வழக்கமான புகை அல்ல. விறகு மழையில் நனைந்துபோனதால், அவர் ஒட்டுப்பாலை, அதாவது மரப்பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர்த் துண்டுகளை, அள்ளிப் போட்டுத் தீ மூட்டியிருக்கிறார். இதை நான் பின்னால்தான் கண்டுபிடித்தேன். அந்தப் புகை கறுப்பாக வந்தது. கண்ணில் மிளகாய்ப் பொடியை அப்பியதுபோல் இருந்தது. அப்பா, "ஆண்டவரே, இந்த சுந்தரராஜ்..." என்றார். தொண்டை அடைத்தது. மறுபடியும் "சுந்தரராஜ்..." என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அம்மா ஏங்கினாள். நானும் அழுதேன். அந்த நேரம் பார்த்து வாசலில் உபதேசியார் வந்து நின்றார். பகைத்த அயலானுடைய பெயரைச் சொல்லி ஒரு குடும்பமே முழங்காலில் நின்று அழுவதைப் பார்த்தார். இரண்டு அடி உள்ளே வைத்தார். அவர் கண்ணும் நிறைந்தது. அப்படியே முழங்காலில் விழுந்துவிட்டார்.

அவ்வளவுதான், ஐயா. மறுநாள் எட்டுப் பத்துப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் கூடம் போதவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். "கிரேசி பி.ஏ. படிச்ச பிள்ள, அதுக்கே கண்ணு நெறயுதுன்னா பாரும்" என்று என் கண்ணீரை எல்லாருடைய கண்ணீருக்கும் மேலாக மதித்தார்கள். நான் படித்தது சரித்திரம். இன்டர்மீடியட்டில் கொஞ்சம் ரசாயனம். இரண்டிலும் கண்ணீருக்குப் பாடம் இல்லை.

இதற்குள் சுந்தரராஜ் அண்ணனுக்கும் சேதி போய்விட்டது. அவர் மனைவி செல்லபாய் அக்கா, "ஓய், இஸ்ரவேல் அண்ணேன் உமக்க பேரச் சொல்லி ஏங்கி ஏங்கி அழுதாரு. நீரு மனுசனா, கல்லா?" என்று கேட்டாளாம். அவர் ஒரு நாள் சுவருக்கு அப்புறம் நின்று கேட்டார். மறுநாள் வாசல்படியில் நின்றார். அப்புறம் உள்ளே வந்து கடைசியில் உட்கார்ந்தார். அழுதார். அன்றிலிருந்து கள்ளுக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஜெபத்தில் உட்கார்ந்திருக்கும்போது தீயைப் பார்த்துக்கொள்ள முடியாதல்லவா? ஆகவே நடுவில் எழுந்து போக வேண்டாம் என்று, வருவதற்கு முன்பே கதம்பை என்று நாங்கள் சொல்லும் பச்சைத் தேங்காய் மட்டையைத் திணித்து, அணைந்துவிடாமலிருக்க ஒட்டுப்பாலையும் இரண்டு கை கூடுதலாகப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு பயபக்தியோடு வந்து சேருவார். அதைக் கிணற்றடியிலிருந்து நான் என் கண்ணாலேயே பார்த்தேன். அவர் மனம் திரும்பத் திரும்பப் புகை கூடியது. புகை கூடக் கூட ஜனம் கூடியது.

எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாயிருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். யார் எங்கே உட்கார்ந்தால் எப்போது அழுகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். ஜன்னலடியில் இருப்பவர்கள் முதல் பாட்டிலேயே அழுதார்கள். நடுக்கூடத்தில் இருந்தவர்கள் வேதபாடத்தின்போது அழுதார்கள். சமையலறை வாசலில் தோட்டத்துக் காற்று வரும். அங்கே உட்காருகிற சத்தியபாய் அம்மாள் மட்டும் அழவேயில்லை. நல்ல மனுஷி, விதவை, ஒருவருக்கும் ஒரு தீங்கு செய்தறியாதவள். "அவளுக்க இருதயம் பாறையாட்டும் இருக்கு" என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. பாவம், ஒரு நாள் என்னிடம் வந்து, "மக்கா, எனக்குள்ள என்ன பாவம் கெடக்குன்னு தெரியல்லியே" என்று கேட்டாள். "அம்மா, நாளைக்கு ஜன்னல் பக்கம் இருந்து பாருங்க" என்றேன். இருந்தாள். ஜெபம் தொடங்குவதற்கு முன்பே அழுதுவிட்டாள். கூடமே ஸ்தோத்திரம் சொல்லியது. பரிசோதனை வெற்றி என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பைப் பார்த்தபின் அந்தச் சந்தோஷம் எங்கேயோ போயிற்று.

ஜன்னலை அடைத்தேன். அப்பா திறந்தார். "இத்தற ஜனம் இருக்கப்பட்ட இடத்தில காத்து வராம அடச்சா மூச்சு முட்டிச் சாவாதா?" என்றார். ஜெபத்தைக் காலையில் வைக்கலாமே என்றேன். காலையில் ஊரே ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடும் என்றார். கடைசியில் ஒரு நாள் கடையில் வைத்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அப்பா, இது எல்லாம் புகை" என்றேன். அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "புகை முன்னயும் வந்துதே. அப்பம் இருமலுதானே வந்துது? அழுகை வந்துதா?" என்றார். ஒட்டுப்பால் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடை வாசலில் இரண்டு பேர், "ஐயா, இன்னிக்கு ஜெபம் உண்டும்லா?" என்று கேட்டார்கள். அப்பா முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. என்னைக் கல்லூரிக்கு அனுப்புவதற்காக அப்பா வயலை விற்றார். பெண்பிள்ளையை பி.ஏ. ஆக்கி மண்ணெண்ணெய்க் கடையில் உட்கார வைப்பானாக்கும் என்று ஊரில் சிரித்தார்கள். இப்போது அதே ஊர் அவரைச் சபையில் டீக்கனாக்க வேண்டும் என்கிறது. நான் புகை என்றால் சிரிப்பு மறுபடியும் கிளம்பும். சொல்லாவிட்டால் அம்மாவுக்கு மூச்சு இல்லை. அவள் ஜெபத்தில் ஏங்கி இழுப்பதைப் பார்த்து, நேசபாய் அக்காவுக்குப் பெருமூச்சோடு மன்றாடுகிற வரம் கிடைத்திருக்கிறது என்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். ஜெபம் முடிந்து எல்லாரும் போனபின் அவள் சுவரில் சாய்ந்து, உதடு நீலம் பூத்து, பேச முடியாமல் கையால் தண்ணீர் கேட்பதை நான் மட்டும்தான் பார்க்கிறேன். "நான் சொல்லிப்போடட்டா அம்மா?" என்றேன்.

"சொல்லாத மக்கா. உன்னப் படிக்க வச்சதுக்கு இந்த ஊரு உங்கப்பனப் பேசின பேச்சு, நீ திருவனந்தபுரத்தில இருந்ததுனால கேக்கல. நான் கேட்டேன். இப்பம் அதே வாயி ஐயான்னு விளிக்குது. எனக்க மூச்சு கொஞ்சம் இழுத்தா இழுத்துட்டுப் போட்டு."

செல்லபாய் அக்காவிடமாவது சொல்லலாம் என்று கிணற்றடியில் மெல்லத் தொடங்கினேன். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

"ஏட்டி கிரேசி, உன்னக் கையெடுத்துக் கும்புடுதேன், புகைன்னு ஒரு வார்த்த பறஞ்சிராத. அந்தியானா அந்த மனுசன் இப்பம் வீட்டில இருக்காரு. பிள்ளியளுக்கு அப்பன் மொகம் வெளிச்சத்தில தெரியுது."

"அக்கா, அம்மைக்கு மூச்சு?"

"அதுக்குத்தான் நான் கஷாயம் வச்சுத் தாறேன்லா!"

கஷாயம் அடுப்பில் வைப்பதற்கும் கதம்பைதான் எரித்தாள்.

எனக்கு விளங்காத ஒன்று உண்டு, ஐயா. புகைக்குக் கண்ணீர் வரவழைக்கும் குணம் உண்டு. அதை நான் இடம் மாற்றி, காற்றுப் பார்த்து, ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிட்டுப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டேன். ஆனால் கள்ளை நிறுத்துகிற குணமும் புகைக்கு உண்டா? நான் படித்த ரசாயனத்தில் அது இல்லை. தாங்கள் படித்தவர், தங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

ஆகையால் இஸ்ரவேல் வீட்டுக் கண்ணீர் சுத்தப் புகையே அன்றி வேறொன்றும் அல்ல என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். இதை அச்சிடுவதா வேண்டாமா என்பது தங்கள் சித்தம். தங்கள் கண்களும், ஈய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து உழைக்கிற தங்கள் வேலையாட்களின் கண்களும் என்றும் குளிர்ந்திருக்க வேண்டுகிறேன். அப்பா தங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார். இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
இ. கிரேசி, பி.ஏ.
(பி.ஏ. என்று போடச் சொன்னதும் அப்பாதான்.)

பின்குறிப்பு: இதை மடித்து உறையிலிட்டபின் மறுபடியும் பிரிக்க நேர்ந்தது. இன்று விடிந்ததிலிருந்து மழை. பால் வெட்டு இல்லை, ஷீட்டு இல்லை, தீயும் இல்லை. ஆனால் ஜனங்கள் ஓலைக்குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா ஜெபித்தார். ஒரு கண்ணும் நனையவில்லை. உபதேசியார் நீட்டி நீட்டி ஜெபித்தும் பயனில்லை. ஜன்னலடியில் சத்தியபாய் அம்மாள் இமையைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாள். ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தடுமாறி, ஒரு கீர்த்தனை பாடலாம் என்றார். அம்மா எடுத்தாள். புகைப்புரை வந்ததிலிருந்து அவள் முதல் அடிக்கு மேல் பாடினதில்லை, மூச்சு நின்றுவிடும். இன்று இரண்டாம் அடிக்குப் போனாள், சரணத்துக்குப் போனாள், மேல் ஸ்தாயியில் ஏறினாள், கடைசி வரை பாடினாள். நடுவில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள், அவள் மட்டும் பாடினாள். அப்பா தலை குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. சுந்தரராஜ் அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு இத்தற நல்ல தொண்டையா?" என்றார். அவர் கன்னமும் நனைந்திருந்தது. ஜன்னலைப் பார்த்தேன். மழையைத் தவிர ஒன்றும் வரவில்லை.

ஆகவே மேலே நான் நிச்சயமாக எழுதியதை நிச்சயம் என்று கொள்ள வேண்டாம். புகை என்றும் போட வேண்டாம், எழுப்புதல் என்றும் போட வேண்டாம். கிறிஸ்மஸ் இதழில் எங்களைப் பற்றி ஒன்றுமே வேண்டாம். அப்பா கேட்டால் இடம் போதவில்லை என்று எழுதிவிடுங்கள்.

முதல் வரியிலேயே கேட்க வேண்டியதைக் கூச்சத்தால் இதுவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். சுந்தரராஜ் அண்ணன் தங்கள் சந்தாதாரர். பிரசங்கங்களை அவர் புரட்டுவதில்லை. கடைசிப் பக்கத்தில் வருகிற பயிர்க் குறிப்புகளை மட்டும் விரல் வைத்து வாசிப்பார். தென்னைக்கு உப்புப் போடச் சொன்னீர்கள், அன்றைக்கே போட்டார். அந்தப் பக்கத்தில் மூன்று வரி தயவுசெய்து சேர்க்க வேண்டும்: ரப்பர்ப் புகைப்புரையில் ஒட்டுப்பால் எரித்தால் ஷீட்டு கரிபிடித்து விலை குறையும், வாசல் மலைப்பக்கம் திரும்பியிருப்பது நல்லது, கூரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குப் புகைபோக்கி வேண்டும். வீடு என்றோ, ஜன்னல் என்றோ, மனுஷர் மூச்சு என்றோ எழுத வேண்டாம். ஷீட்டுக்குக் கெடுதல் என்று மட்டும் போடுங்கள். கிறிஸ்மஸ் வரைக்கும் வைக்காமல் அடுத்த இதழிலேயே போடுங்கள், ஐயா. மழை நின்றால் நாளைக்கே தீ மூட்டுவார்.